பெட் ஸ்கேன்: உடம்பில் எலக்ட்ரான் அழிந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழாதா?

பிடோக்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வரும் புதன்கிழமை காலை பெட் ஸ்கேன் (PET, உடம்பின் உள்ளே படம் எடுக்கும் பரிசோதனை). அவருக்கு 76 வயது, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு விஷயம் புரியவில்லை என்றால் புரியும்வரை விட மாட்டார். மருத்துவமனையில் கொடுத்த தாளில் பாசிட்ரான் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன், "அது எதிர்ப்பொருள் தாத்தா, எலக்ட்ரானோடு சேர்ந்தால் ரெண்டும் அழிஞ்சு ஒளியாயிடும்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து அப்பா சரியாகத் தூங்கவில்லை. எதிர்ப்பொருள் ஒரு கிராம் இருந்தால் ஒரு ஊரே போய்விடும் என்று எங்கோ காணொளியில் பார்த்திருக்கிறார், அதை எப்படி மனிதர் உடம்புக்குள் ஏற்றுகிறார்கள் என்று கேட்கிறார். அதையாவது நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். "என் உடம்பில் இருக்கிற எலக்ட்ரான் அழிந்துபோனால் அது இருந்த இடம் காலியாகத்தானே கிடக்கும்? கோடிக்கணக்கில் அழிந்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடாதா?" மகனுக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் நியாயமான கேள்வி என்றுதான் படுகிறது.

இன்னொன்று, என் தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி, புதன்கிழமை இரவு சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.


தோபாயோ செல்வி எழுதியது:

அண்ணா, முதலில் அப்பா நிம்மதியாகத் தூங்கட்டும். நான் இந்த ஸ்கேன் பிரிவில்தான் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஊசி வழியாக ஏற்றுவது எதிர்ப்பொருளே கிடையாது, சர்க்கரை. குளுக்கோஸ் மூலக்கூறில் ஓர் இடத்தில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டவைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இதைச் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரிக்கிறார்கள். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், 110 நிமிடம் என்பதால் வாங்கிக் கிடங்கில் அடுக்கிவைக்க வழியில்லை, இங்கேயே செய்து அன்றே போட்டுவிட வேண்டும். நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

பாசிட்ரான் பிறப்பது உடம்புக்குள் போனபிறகுதான். ஃபுளோரின் அணு ஒன்று சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளியே வரும், பக்கத்துத் தண்ணீர் மூலக்கூறுகளில் முட்டி மோதி வேகத்தை இழக்கும், சராசரியாக அரை மில்லிமீட்டர் தாண்டியதும் ஒரு எலக்ட்ரானோடு சேர்ந்து முடிந்துவிடும். பிறந்ததிலிருந்து முடிவதுவரை கிட்டத்தட்ட ஒரு நானோவிநாடி, அதாவது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊசி போட்ட உடனே விநாடிக்குச் சுமார் 30 கோடி அணுக்கள் சிதைகின்றன என்று வைத்துக்கொள்வோம் (ஆளின் எடையைப் பொறுத்து அளவு மாறும்). ஒவ்வொரு பாசிட்ரானும் உயிரோடு இருப்பது நூறு கோடியில் ஒரு விநாடி. அப்படியென்றால் எந்தக் கணத்தில் பார்த்தாலும் அப்பாவின் உடம்பு முழுவதிலும் சராசரியாக ஒரு பாசிட்ரான்கூட இருக்காது! ஒன்று வரும், போகும், அடுத்தது வரும். கிராம் கணக்கில் தேங்கி நிற்க வாய்ப்பே இல்லை.

தங்கை விஷயம். காலை ஒன்பது மணிக்கு ஊசி என்றால் இரவு எட்டு மணிக்குள் ஆறு அரை ஆயுள் கடந்துவிடும், 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதிலும் ஒரு பகுதி சிறுநீரில் ஏற்கனவே போயிருக்கும், அப்பாவை நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரம் மட்டும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அருகே ஒட்டி உட்கார வேண்டாம் என்றுதான் வழக்கமாகச் சொல்வோம். இருந்தாலும் உங்கள் மருத்துவமனைத் தாதியிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் சொல்வதுதான் கணக்கு.

அப்புறம், ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். பாலும் சர்க்கரையும் போடாத கோப்பி ஓ கொசோங்கூட வேண்டாம். ஊசி போட்டு ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் நடந்தாலோ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாலோ தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், படத்தில் தேவையில்லாத இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். கேள்விகளை அதற்கு முன்னாடியே கேட்டு முடித்துவிடச் சொல்லுங்கள் அண்ணா.


சம்பான் எழுதியது:

நான் இயற்பியல் ஆசிரியர். செல்வி எழுதியது எல்லாம் சரி, ஓட்டைக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் இந்தப் பாடத்தை நடத்துகிறேன், ஒரு மாணவர்கூட இதைக் கேட்டதில்லை. ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஃபுளோரின் அணுக்கருவில் 9 புரோட்டான், சுற்றி 9 எலக்ட்ரான். சிதையும்போது ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறி, பாசிட்ரானும் நியூட்ரினோ என்ற, எதிலும் எளிதில் முட்டாத ஒரு நுண்துகளும் வெளியேறுகின்றன. இப்போது கருவில் 8 புரோட்டான்தான், அதாவது அது ஆக்சிஜனாகிவிட்டது. ஆனால் சுற்றி இன்னும் 9 எலக்ட்ரான் இருக்கின்றன, ஒன்று அதிகம். பாசிட்ரான் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போய் அங்கே ஒரு எலக்ட்ரானோடு முடிகிறது, அங்கே ஒன்று குறைவு. இங்கே ஒன்று மிச்சம், அங்கே ஒன்று பற்றாக்குறை, மொத்தத்தில் உடம்பின் மின்னூட்டக் கணக்கு அணு அளவில்கூடப் பிசகுவதில்லை. பற்றாக்குறை உள்ள மூலக்கூறு பக்கத்திலிருந்து ஒன்றை இழுத்துக்கொள்ளும், அந்த ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு சாதாரணச் சர்க்கரையாகிவிடும். ஆக, ஐயா சொல்லும் காலி இடம் உண்டு, ஆனால் நிரப்புவதற்கான எலக்ட்ரானும் கூடவே வந்துவிடுகிறது.

அளவையும் சொல்கிறேன். ஊசியில் போகும் மருந்து முழுவதும் சிதைந்து முடிந்தாலும் அழியும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய மூன்று டிரில்லியன். பெரிய எண்தான். ஆனால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரில் இருக்கும் எலக்ட்ரான்கள் அதைப்போல ஐந்நூறு கோடி மடங்குக்கும் மேல்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அழியும் எலக்ட்ரானைவிட, பாசிட்ரான் வேகம் குறையும்போது வழியில் தட்டிவிடும் எலக்ட்ரான்கள்தான் அதிகம், ஒவ்வொரு பாசிட்ரானும் ஆயிரக்கணக்கில் தட்டும். கதிர்வீச்சு அளவு என்று மருத்துவர்கள் கணக்கிடுவதில் அதுவும், இரண்டும் அழியும்போது பிறக்கும் காமா கதிர்கள் (பேரன் சொன்ன ஒளி இதுதான்) வெளியே போகிற வழியில் செய்யும் அதே வேலையும் சேரும். செல்வி சொன்ன அளவுக்கு அது 6 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பக்கம் வரும், கூடவே எடுக்கும் சிடி ஸ்கேன் தனி. இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க இது ஏற்கக்கூடிய விலை என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சரி, ஏன் எப்போதும் இரண்டு காமா கதிர்கள்? ஐயா துறைமுகத்தில் இருந்தவர், சம்பான் படகு தெரியும். அசையாமல் நிற்கும் சம்பானிலிருந்து ஒருவர் ஒரு பக்கம் தாவினால் சம்பான் எதிர்ப்பக்கம் நகரும். நகர்வதற்குச் சம்பான் இல்லாமல் ஆள் மட்டும் தாவ முடியாது. அதேபோல எலக்ட்ரானும் பாசிட்ரானும் கிட்டத்தட்ட நின்ற நிலையில் சந்திக்கின்றன, மொத்த உந்தம் சுழியம். ஒளித்துகளுக்கு நிற்கவே தெரியாது, எப்போதும் உந்தத்தோடுதான் போகும். ஒன்று மட்டும் கிளம்பினால் கணக்கு உதைக்கும். அதனால் இரண்டு, நேர் எதிரெதிர்த் திசையில், சம ஆற்றலோடு, ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அது எலக்ட்ரானின் நிறைக்குச் சமமான ஆற்றல். ஸ்கேன் கருவி வளையமாக இருப்பதன் காரணமும் இதுதான். வளையத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் சில நானோவிநாடிக்குள் மின்னல் தட்டினால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்துதான் படம்.


ஜூரோங் இரவுப்பணி எழுதியது:

அருமையான இழை. எனக்கும் ஒரு சந்தேகம் சார். ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்தால் 43 கிலோடன் டிஎன்டி என்று படித்தேன். ஹிரோஷிமா குண்டு 15 கிலோடன் பக்கம். அப்படியானால் இந்த ஸ்கேனில் மொத்தமாக எவ்வளவு ஆற்றல் வருகிறது? பொருள் அப்படியே நூறு விழுக்காடு சுத்த ஆற்றலாக மாறுவது இது ஒன்றுதானே? இதை வைத்து மின்சாரம் எடுத்தால் நம் சிங்கப்பூருக்கு எரிவாயு இறக்குமதியே வேண்டியதில்லையே. அப்புறம் எந்த எதிர்ப்பொருளும் எந்தப் பொருளோடும் சேர்ந்து அழியுமா, இல்லை அதற்கென்று ஜோடி உண்டா?


ஆறாம் மாடி எழுதியது:

43 கிலோடன் சரி. நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் ஒரு கிராமுக்கு 90 டிரில்லியன் ஜூல், இரண்டு கிராமுக்கு 180. ஸ்கேனுக்கு வருவோம். மூன்று டிரில்லியன் ஜோடிகள் என்றால் மொத்தம் அரை ஜூல். நூறு கிராம் ஆப்பிள் ஒன்றை அரை மீட்டர் தூக்குவதற்கு வேண்டியது அவ்வளவுதான், அதுவும் பல மணி நேரத்தில் பரவி வருகிறது, அதிலும் ஒரு பகுதி உடம்பை விட்டு வெளியே போய்விடுகிறது. ஐயா பயந்த குண்டுக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

மின்சாரம் முடியாது. எதிர்ப்பொருள் சுரங்கம் எங்கும் இல்லை, நாமேதான் செய்ய வேண்டும், செய்வதற்குச் செலவாகும் ஆற்றல் திரும்பக் கிடைப்பதைவிடப் பல கோடி மடங்கு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சுமார் 30 மில்லியன் ஆண்டிபுரோட்டான்கள் (புரோட்டானின் எதிர்த்துகள்கள்) கிடைக்கின்றன. அந்த வேகத்தில் ஒரு கிராம் சேர்க்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

ஆனால் "சுத்த ஆற்றலாக மாறுவது" என்று நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இது பாடப்புத்தகங்களே செய்யும் தவறு. ஆற்றல் என்பது தனியாக மிதக்கும் ஒரு பண்டம் இல்லை, ஏதாவது ஒன்றுக்கு இருக்கும் குணம். வெளியே வருவது ஒளித்துகள்கள், அவற்றுக்கு ஆற்றல் இருக்கிறது. இப்படிக் கற்பனை செய்துபாருங்கள்: எதுவுமே தப்ப முடியாத ஒரு பெட்டி, உள்ளே ஒரு எலக்ட்ரான், ஒரு பாசிட்ரான். மிக நுட்பமான தராசில் வைத்து எடை பார்க்கிறோம். உள்ளே இரண்டும் அழிந்து காமா கதிர்கள் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டிருக்கின்றன. மறுபடி எடை பார்த்தால்? அதே எடைதான், எள்ளளவும் குறையாது. ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் தனித்தனியாக நிறை சுழியம், ஆனால் எதிரெதிரே போகும் இரண்டையும் சேர்த்து ஓர் அமைப்பாகப் பார்த்தால் அந்த நிறை அப்படியே இருக்கிறது. பெட்டியைத் திறந்து அவை வெளியே போனால்தான் பெட்டி இலேசாகும். தமிழில் "இணை அழிவு" என்று பெயர் வைத்ததால் எல்லாம் ஒழிந்துபோனது போல் ஒலிக்கிறது. அழிவது அந்த இரண்டு துகள்கள் மட்டும். அவை வைத்திருந்த ஆற்றல், உந்தம், மின்னூட்டம் எதுவும் அழிவதில்லை.

ஜோடி பற்றிக் கேட்டீர்கள். ஜோடி உண்டு. பாசிட்ரான் ஒரு புரோட்டானைச் சந்தித்தால் ஒன்றும் ஆகாது, இரண்டும் நேர்மின்னூட்டம், விலகிப்போகும். அதற்கு எலக்ட்ரான்தான் வேண்டும். ஆண்டிபுரோட்டான் கொஞ்சம் வேறு மாதிரி. அது ஓர் அணுவுக்குள் சிக்கினால் எக்ஸ் கதிர்களை உமிழ்ந்துகொண்டே படிப்படியாக இறங்கி, கருவை அடைந்து அங்கே புரோட்டானோடும் அழியலாம், நியூட்ரானோடும் அழியலாம், ஏனென்றால் இவற்றுக்குள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள்தான் ஜோடி சேர்கின்றன. அப்போது நேராகக் காமா வருவதில்லை, சராசரியாக பையான் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் ஐந்து சிதறும். அவற்றில் மின்னூட்டம் இல்லாதவை உடனே காமாவாகும், மற்றவை மியூவான் என்ற இன்னொரு துகளாகவும் நியூட்ரினோவாகவும் மாறும். அந்த நியூட்ரினோக்கள் பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும், அவை கொண்டுபோகும் ஆற்றலை யாரும் பிடிக்க முடியாது. 43 கிலோடன் என்ற எண் முழுவதும் வெடிப்பாக வெளிப்படும் என்று நினைப்பதும் அதனால் சரியில்லை.

ஆசிரியர் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம், தவறாக எண்ண வேண்டாம் சார். "எப்போதும் இரண்டு" இல்லை. எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழிவதற்கு முன் ஒன்றையொன்று சுற்றும் ஓர் அணு போல ஆகலாம், பாசிட்ரோனியம் என்று பெயர். இரண்டின் தற்சுழற்சியும் ஒரே பக்கம் இருந்தால் இரண்டு காமா தடை, மூன்று வரவேண்டும். வெற்றிடத்தில் அது 142 நானோவிநாடி தாக்குப்பிடிக்கும். உடம்புக்குள் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை, பக்கத்து மூலக்கூறின் வேறொரு எலக்ட்ரான் குறுக்கே வந்து இரண்டு காமாவாகவே முடித்துவிடும், பெரும்பாலும் இரண்டு நானோவிநாடிக்குள். இந்தக் கால அளவு சுற்றியுள்ள திசுவைப் பொறுத்து மாறுவதால் அதையும் அளந்து படமாக்க இப்போது முயல்கிறார்கள்.


சம்பான் எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி, ஏற்றுக்கொள்கிறேன், வகுப்பிலும் இனி "பெரும்பாலும் இரண்டு" என்றே சொல்வேன். பெட்டி உதாரணத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

மகனுக்காக ஒரு வரலாற்றுச் செய்தி. பாசிட்ரானைக் கண்டவர் கார்ல் ஆண்டர்சன், 1932, முகிற்கலத்தில் (துகள் போன வழி ஆவித் தடமாகத் தெரியும் கருவி) ஈயத் தகட்டைத் துளைத்துப் போன ஒரு வளைந்த தடம், 1936இல் நோபல் பரிசு. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1930இல், ஆண்டர்சன் இருந்த அதே கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஆய்வு செய்த சீன இயற்பியலாளர் சாவ் சுங்யாவ், ஈயத்தின்மீது காமா கதிரைச் செலுத்தியபோது எதிர்பாராத இன்னொரு கதிர் வருவதைக் கண்டார், ஆற்றல் சுமார் அரை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அது இதே 511தான். ஈயத்துக்குள் பிறந்த பாசிட்ரான்கள் அழிந்த ஒளியை அவர் பார்த்துவிட்டார், பாசிட்ரான் என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. என் மாணவர்களுக்கு அவர் பெயரை ஒவ்வொரு ஆண்டும் பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

ஐயாவுக்கு இன்னொன்று. நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் கொண்ட பொட்டாசியம்-40. அது மிக மிக அரிதாகப் பாசிட்ரானையும் வெளியிடும். கணக்குப் போட்டால் ஒரு பெரியவர் உடம்பில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று வரும். 76 ஆண்டுகளாக அவருக்குள் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.


பிடோக்வாசி எழுதியது:

எல்லாவற்றையும் நேற்று இரவு அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். இங்கே ஒன்று மிச்சம் அங்கே ஒன்று குறைவு என்ற இடம் வந்ததும் "கப்பலில் சரக்கு ஏற்றுகிற கணக்கு மாதிரி" என்று சொல்லித் தலையாட்டினார். சம்பான் உதாரணத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பொட்டாசியம் விஷயத்தைக் கேட்டபிறகுதான் முகம் தெளிந்தது. தங்கையிடமும் பேசிவிட்டேன், தாதியிடம் கேட்டுக்கொண்டு அவள் வியாழக்கிழமையே வருகிறாள். உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னார்: வளையத்தில் படாத கதிர்கள் எங்கே போகின்றன?


தோபாயோ செல்வி எழுதியது:

பாதிக்கு மேல் உடம்பைத் தாண்டுவதற்குள்ளேயே திசை மாறிவிடும் அல்லது நின்றுவிடும் அண்ணா. ஏழு சென்டிமீட்டர் தண்ணீர் போதும் இந்தக் கதிர்களில் பாதியைத் தடுக்க. 30 சென்டிமீட்டர் தடிமனான உடம்பில் ஜோடியின் இரண்டு கதிரும் நேராக வெளியே வருவது நூற்றில் ஐந்தாறுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த ஜோடி உடம்பின் நடுவில் பிறந்தாலும் ஓரத்தில் பிறந்தாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் ஒன்றுக்கு வழி குறைந்தால் மற்றதற்கு அதே அளவு கூடும், இரண்டும் சேர்ந்து கடக்கும் தூரம் எப்போதும் அந்த முழுத் தடிமன்தான். அதனால்தான் எவ்வளவு இழந்தோம் என்பதை சிடி படத்தை வைத்துத் திருத்திக்கொள்ள முடிகிறது. வளையத்துக்கு வெளியே தப்பிப்போகிறவை அறைச் சுவரில் பதித்திருக்கும் ஈயத்தில் போய் நிற்கும். நானும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி போலத்தான், எந்த மருத்துவமனையானாலும் அங்கே ஒருவர் இருப்பார். கையை மட்டும் அசைக்காமல் 20 நிமிடம் படுத்திருக்கச் சொல்லுங்கள்.